நெட்டோட்டமும் இரும்புக் குண்டும்

உடற்பயிற்சி என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் செயல்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. விடியற்காலையில் எழுந்து பத்து மைல் ஓடுபவரும், கூடத்தின் மூலையில் நின்று இரும்பைத் தூக்கி இறக்குபவரும் உடலைப் பேணுகின்றனர் என்று பொதுப்படச் சொல்லிவிடலாம். ஆயினும் அவ்விருவர் உடம்பிலும் நிகழும் மாற்றங்கள் வெவ்வேறானவை. சில இடங்களில் ஒன்றற்கொன்று மாறானவையுங்கூட. நெடுந்தொலைவு ஓட்டத்திலோ, சைக்கிளோட்டத்திலோ, நீச்சலிலோ பல்லாண்டு பழகிய ஒருவர் அவற்றைக் குறைத்துக்கொண்டு, கெட்டில்பெல் எனப்படும் கைப்பிடிக் குண்டை எடுத்துப் பழகத் தொடங்கினால் அவர் உடம்பில் நிகழ்வது யாது, அவர் பெறுவது எது, இழப்பது எது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இது விளையாட்டு வீரர்க்கே உரிய வினா என்று ஒதுக்கிவிடலாகாது. நாற்பதைக் கடந்தவர் பலர் நாள்தோறும் நடக்கின்றனர். சிலர் மெதுவோட்டம் ஓடுகின்றனர். அதுவே போதும் என்னும் நிறைவும் அவர்கட்கு உண்டு. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல் வேறு சொல்கிறது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கம் வேண்டும் என்று கூறிய அந்நூல், அதனோடு நில்லாமல், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகட்கு வலிமையூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் தனியே விதிக்கிறது. முன்னதைப் பலரும் அறிவர். பின்னதைக் கேட்டவர் சிலர். செய்பவர் அதனினும் சிலர்.

முதற்கண் கருவியைப் பற்றிச் சில சொல்லவேண்டும். கெட்டில்பெல் என்பது வார்ப்பிரும்பாலான உருண்டை. அதன் தலையில் வளைந்த தடித்த கைப்பிடி ஒன்று சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் சாயல் இருப்பதால் ஆங்கிலேயர் அப்பெயரிட்டனர். இதன் பிறப்பிடம் ருஷ்யா. அங்கே அதன் பெயர் கீர்யா. 1704-இல் வெளிவந்த அகராதியிலேயே அச்சொல் காணப்படுகிறது என்பர். கீர்யா என்றால் அக்காலத்தில் உடற்பயிற்சிக் கருவி என்று பொருளில்லை. சந்தையில் தானியம் நிறுக்கும்போது தராசின் மறுதட்டில் வைக்கும் நிறைகல்லுக்கே அது பெயர். நம் கடைகளில் படிக்கல் என்று வழங்கியதன் ருஷ்ய உடன்பிறப்பு என்றே அதனைக் கொள்ளலாம். நிறைகல்லைத் தூக்கித் தூக்கி வைத்த வணிகரும் கூலியாட்களும் ஓய்ந்த வேளையில், யார் அதனை மிகுதியான தடவை தலைக்கு மேல் உயர்த்துவார் என்று பந்தயம் கட்டினர். சந்தைக் கருவி விளையாட்டுக் கருவியானது இவ்வாறே.

தமிழாசிரியர்கட்கு இதில் வியப்பில்லை. 'தூக்கு' என்னும் நம் சொல் உயர்த்துதலையும் குறிக்கும். நிறுத்துப் பார்த்தலையும் குறிக்கும். ஒரு நிறையளவிற்கும் பெயராய் வழங்கியது. தொல்காப்பியச் செய்யுளியலிலோ செய்யுளுறுப்புகளுள் ஒன்றாகவும் நிற்கிறது. நிறுப்பதும் தூக்குவதும் ஒரே செயலின் இருபுறம் என்பதைத் தமிழும் கண்டது, ருஷ்ய மொழியும் கண்டது. தென்பாண்டி ஊர்களில் இளைஞர்தம் வலிமையைக் காண இளவட்டக்கல் கிடந்ததும், சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை சுழன்றதும் இதனோடு எண்ணத்தக்கவை. கர்லாக்கட்டையை ஆங்கிலேயப் படையினர் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்ற கதை தனியே எழுதத்தக்கது.

ருஷ்யரின் பழைய நிறையளவு பூட் என்பது. ஒரு பூட் 40 ருஷ்ய இராத்தல். இன்றைய கணக்கில் 16.38 கிலோகிராம். சோவியத் அரசு 1918-இல் மெட்ரிக் முறையை ஏற்று ஆணையிட்டபின் பூட் மெல்ல வழக்கொழிந்தது. ஆயினும் குண்டுகள் அதனை மறக்கவில்லை. இன்றும் அவை 16, 24, 32 கிலோ என்றே முதன்மையாக வார்க்கப்படுகின்றன. அதாவது ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட்.

நெடுந்தொலைவு விளையாட்டிலிருந்து இரும்புக்கு மாறுவது நேற்றுப் புதிதாய்த் தோன்றியதன்று. உலகப் புகழ்பெற்ற மல்லர் ஒருவர் அவ்வழியேதான் வந்தார். ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மித் என்பார் 1877-ஆம் ஆண்டு, அன்று ருஷ்யப் பேரரசின் பகுதியாயிருந்த எஸ்தோனியாவில், தார்ட்டு நகரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்து இயந்திரத் தொழில் பழகுவதற்காக 1895-இல் தாலின் நகருக்குச் சென்றார். அந்நாளில் அந்நகரின் பெயர் ரேவல். அங்கே உடற்பயிற்சியும் சைக்கிளோட்டமும் சேர்ந்த ஒரு கழகத்தில் உறுப்பினரானார். அவர் உள்ளத்தை முதலில் ஈர்த்தது சைக்கிளே. ஆனால் வடபுலத்துக் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்ட இயலுமோ? கழகத்தார் கூடத்துக்குள் புகுந்து இரும்பைத் தூக்கினர், அவரும் தூக்கினார். தூக்கியவர் அதனை விடவில்லை.

பின்னர்க் கையில் காயம்பட்டு மருத்துவர் ஒருவரைக் காண நேர்ந்தது. அம்மருத்துவரே விளாதிஸ்லாவ் கிரயெவ்ஸ்கி. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1885-இல் பளுதூக்கும் ஆர்வலர் குழு ஒன்றைத் தொடங்கியவர். ருஷ்யப் பளுதூக்கற் கலையின் தந்தை என்று போற்றப்படுபவர். இளைஞரின் உடற்கட்டைக் கண்ட அவர், தம் நகருக்கு வருமாறு அழைத்தார். 1898-இல் ஹாக்கென்ஷ்மித் அவர் இல்லத்திலேயே தங்கிப் பயின்றார். நாளொன்றுக்கு 11 பைண்ட் பால் குடித்ததாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். அது ஏறத்தாழ ஆறு லிட்டர்! 1905-இல் நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று உலக மல்லர் பட்டம் கொண்டார். 1908-இல் சிகாகோவில் பிராங்க் காட்சிடம் அதனை இழந்தார். 1968-இல் தொண்ணூறு வயதில் லண்டனில் மறைந்தார். மாணவரைவிட ஆசிரியரின் செய்தியே நடுவயதினர்க்குப் பயன்படுவது. கிரயெவ்ஸ்கி முறையான உடற்பயிற்சியைத் தொடங்கியதே தம் 41-ஆம் வயதில்தான் என்பர்.

இனி உடம்பிற்குள் நிகழ்வதைக் காண்போம். தசை என்பது எண்ணிறந்த இழைகளின் கட்டு. அவ்விழைகளுள் ஒருசாரன மெல்லச் சுருங்குவன, களைப்பறியாதன, உயிர்வளியைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து மணிக்கணக்காய் உழைப்பன. மற்றொருசாரன விரைந்து சுருங்குவன. மிக்க விசை தருவன. ஆயின் விரைவிற் சோர்வன. நெட்டோட்டம் முன்னவற்றின் பள்ளி. நாள்தோறும் ஓடுவதால் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு பெருகுகிறது; தசைக்குள் குருதி நுண்குழாய்கள் பலவாகின்றன; இழைகளுக்குள் உயிர்வளியை எரிக்கும் அடுப்புகளான மைட்டோகாண்டிரியாக்கள் மிகுகின்றன. இக்கடைசி உண்மையை எலிகளை ஓடவிட்டுக் கண்டு 1967-இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஆய்வு நடத்திய ஜான் ஹாலோஸி. அவர் பெயர் மீண்டும் வரும்.

விசைத்தசைக்கு நெட்டோட்டத்தில் வேலை குறைவு. மெல்ல ஓடும் உடல், வேண்டும் அளவே இழைகளை எழுப்புகிறது, மிச்சம் உறங்கிக்கிடக்கும். மிகுந்த பளுவைத் தூக்கும்போதும், எடையை விரைந்து எறியும்போதுமே நரம்பு மண்டலம் அவற்றை எழுப்புகிறது. வலிமைப் பயிற்சியின் தொடக்க வாரங்களில் தசை பருக்குமுன்னரே வலிமை கூடுவதற்குக் காரணமும் இதுவே. புதிதாய்ச் சதை வளரவில்லை; இருக்கும் சதையை எழுப்ப நரம்பு கற்றுக்கொண்டது.

இவ்வேறுபாடு இளமையில் பெரிதாகத் தோன்றாது. முதுமையில் அது வெளிப்படுகிறது. வயது ஏற ஏறத் தசை தேய்கிறது. அதிலும் விசையிழைகளே முதலில் தேய்கின்றன. அவைதாம் இடறும்போது காலை விரைந்து முன்வைத்து உடலைக் காப்பவை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் செய்பவை. பல்லாண்டு ஓடியவர்க்கு இத்தேய்வு இராதென்று எண்ணுவது இயல்பே. டென்மார்க்கில் கிளிட்கார்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. ஏறத்தாழ எழுபது வயதினரை அவர்கள் நான்கு கூட்டமாகப் பார்த்தனர்: பயிற்சியே அற்றவர், ஓடுபவர், நீந்துபவர், 12 முதல் 17 ஆண்டுகளாகப் பளுதூக்கிப் பழகியவர். தசையின் பருமனிலும் வலிமையிலும் ஓடுபவரும் நீந்துபவரும் பயிற்சியற்ற முதியோரை ஒத்தே இருந்தனர். பளுதூக்கியவரோ இருபத்தெட்டு வயதுடைய, பயிற்சியற்ற இளைஞரை ஒத்திருந்தனர். சிலரைக் கொண்டு செய்த ஆய்வு என்பது உண்மை. முதுமை வரை பளுதூக்குபவர் இயல்பிலேயே வலியவராய் இருந்திருக்கலாம் என்பதும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஓட்டம் இதயத்திற்குச் செய்யும் தொண்டைத் தசைக்குச் செய்வதில்லை என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது.

எலும்பிலும் ஒரு செய்தி உண்டு. எலும்பு சுமையை உணர்ந்து வளர்வது. ஓடுபவரின் கால்கள் நிலத்தை மோதுவதால் ஓரளவு அவர்க்குக் குறையில்லை. சைக்கிளிலும் நீரிலுமோ உடலின் சுமை வேறிடம் தாங்கப்படுகிறது. ஆதலின் நெடுங்காலம் சைக்கிள் மட்டுமே ஓட்டிய பந்தய வீரர் சிலரிடம் முதுகெலும்பின் திண்மை குறைந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை கண்டுள்ளனர். இதயம் குதிரைபோல் இருக்க எலும்பு நலிந்திருப்பது எத்துணை முரண்!

அங்ஙனமாயின் இரண்டையும் ஒருங்கே பயின்றால் என்ன? இவ்வினாவுக்கு விடை தேடியவர் கதை சுவையானது. ராபர்ட் ஹிக்ஸன் பளுதூக்குவதில் பற்றுடையவர். ஹாலோஸியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, நாள்தோறும் ஓடும் வழக்கமுடைய தம் தலைவரோடு தாமும் ஓடத் தொடங்கினார். தூக்குவதை விடவில்லை, எனினும் தம் உடல் மெலிவதையும் வலிமை குறைவதையும் கண்டார் என்று கூறப்படுகிறது. அவ்வையத்திலிருந்து பிறந்ததே அவர் 1980-இல் வெளியிட்ட சோதனை. ஒரு குழு வாரம் ஐந்து நாள் பளு தூக்கிற்று. மற்றொன்று வாரம் ஆறு நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம், ஓட்டமும் சைக்கிளும் பயின்றது. மூன்றாவது குழு இரண்டையும் முழுமையாகச் செய்தது. பத்து வாரம் நடந்தது. மூன்றாம் குழுவினரின் வலிமை ஏழு வாரம் வரை மற்றவர்க்கு இணையாக ஏறிற்று, பின் நின்றது, கடைசி இரு வாரத்தில் இறங்கவே தொடங்கிற்று. ஆனால் அவர்தம் உயிர்வளி கொள்ளும் ஆற்றலோ ஓட்டக் குழுவினரைப் போலவே உயர்ந்தது.

இச்சோதனையைப் பலர் தவறாக மேற்கோள் காட்டுவர். ஓடினால் வலிமை வராது என்பது இதன் முடிபன்று. வாரத்தில் பதினொரு அமர்வு கடும்பயிற்சி செய்பவர்க்கு, தேறுவதற்கு உடம்பிடம் நேரமில்லை என்பதே இதன் நேர்ப்பொருள். மற்றொன்றும் கவனிக்கற்பாலது: தூக்கியதால் ஓட்டம் கெடவில்லை; அளவுமீறி ஓடியதால்தான் தூக்கல் கெட்டது. தீங்கு ஒருபுறம் மட்டுமே சாய்ந்திருக்கிறது. பின்வந்த ஆய்வுகளும், அளவு குறைந்த ஓட்டம் வலிமைக்குப் பெரும் தடையன்று என்றே காட்டின. ஆகவே மாற நினைப்பவர் ஓட்டத்தை முற்றத் துறக்க வேண்டியதில்லை. அதனைக் குறைத்தால் போதும்.

எவ்வளவு குறைக்கலாம்? இதற்கும் ஹிக்ஸனே விடை தந்தார். பத்து வாரம், வாரத்திற்கு ஆறு நாள் கடுமையாய்ப் பயின்றவரை, 1981-இல் வெளிவந்த ஆய்வில், நான்கு நாளாகவும் இரண்டு நாளாகவும் குறைக்கச் செய்தார். கடுமையைக் குறைக்காமல் நாளை மட்டும் குறைத்தவர்தம் உயிர்வளி ஆற்றல் பதினைந்து வாரம் கழித்தும் அவ்வண்ணமே நின்றது. முற்றும் நிறுத்தியவர் நிலை வேறு. எட்வர்ட் காய்ல் குழுவினர் 1984-இல் காட்டியபடி, பயிற்சியை நிறுத்திய நெட்டோட்டக்காரரும் சைக்கிள் வீரரும் முதல் மூன்று வாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கும், எட்டு வாரத்தில் நூற்றுக்கு 16 பங்கும் அவ்வாற்றலை இழந்தனர். அதன்பின் வீழ்ச்சி நின்றது. தசையின் நுண்குழாய்கள் பன்னிரண்டு வாரமாகியும் குறையவில்லை. பல்லாண்டு தேடிய செல்வம் ஒரு மாதத்தில் கரைந்துபோகும் என்று அஞ்சுபவர் இக்கணக்கை ஓர்ந்து பார்க்கலாம்.

வலிமைப் பயிற்சிக்குக் கருவிகள் பல இருக்கக் கெட்டில்பெல்லை நாடுவதேன்? அதன் அடிப்படை அசைவிலேயே விடை இருக்கிறது. ஊசல்போல் குண்டை வீசுவதே அவ்வசைவு. கால்களைத் தோளகலத்தினும் சற்று அகல வைத்து நின்று, இடுப்பைப் பின்தள்ளி, முதுகை வளைக்காமல் முன்சாய்ந்து, குண்டைக் கால்களுக்கிடையே பின்னே போகவிட்டு, இடுப்பை வெட்டென நிமிர்த்தினால் குண்டு தானே நெஞ்சுயரம் எழும். கைகள் கயிறுகளே, தூக்குவன அல்ல. உழைப்பன பிட்டத் தசைகளும் பின்தொடைத் தசைகளும். இவை மெல்லோட்டத்தில் முழு விசையோடு சுருங்குவதில்லை. நாற்காலியில் அமர்ந்து பணிசெய்பவரிடம் பெரும்பாலும் தூங்கிக்கிடப்பன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2012-இல் அளந்து பார்த்தபோது, 16 கிலோ குண்டின் வீச்சில் பிட்டத் தசை தன் முழு ஆற்றலில் பெரும்பங்கைச் செலுத்துவது தெரிந்தது. முதுகெலும்பின்மீது குறுக்கே விழும் விசை, வழக்கமான பளுதூக்கலில் விழுவதற்கு எதிர்த்திசையில் விழுவதையும் அவர் கண்டார். அதனால் முதுகுநோயுற்ற சிலர்க்கு இது மருந்தாவதும், வேறு சிலர்க்கு நோவைக் கூட்டுவதும் ஏன் என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைத்தது.

எடை சிறிதாயினும் விசை சிறிதன்று என்பதே இதன் நுட்பம். இங்கிலாந்தில் லேக், லாடர் ஆகிய இருவர் 2012-இல் வெளியிட்ட சோதனையில், இளைஞர்கள் 12 அல்லது 16 கிலோ குண்டை வாரம் இருமுறை பன்னிரண்டு நிமிடம் பயின்றனர். முப்பது வினாடி வீச்சு, முப்பது வினாடி ஓய்வு. ஆறு வாரத்தில் அவர்கள் தோளில் சுமந்து அரைக்குந்தலில் எழுப்பக்கூடிய பளு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு கூடிற்று.

இனி ஓட்டக்காரர் ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்லவேண்டும். குண்டை வீசத் தொடங்கிய சில நிமிடத்தில் மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து, "இதுவும் ஓட்டமும் ஒன்றே, இனி ஓடவே வேண்டா" என்று முடிவு கட்டுவர். அமெரிக்காவில் ஃபாரர் முதலிய மூவர் 2010-இல் பத்து ஆடவரை 16 கிலோ குண்டுடன் பன்னிரண்டு நிமிடம் வீசச் செய்து அளந்தனர். இதயத் துடிப்பு உச்ச அளவில் நூற்றுக்கு 87 வரை ஏறியிருந்தது; உயிர்வளி நுகர்வோ உச்ச அளவில் நூற்றுக்கு 65 மட்டுமே. ஓட்டத்தில் இவ்விரண்டும் நெருங்கிச் செல்லும். இங்கே விலகி நிற்கின்றன. இறுகப் பிடித்த கையும், விறைத்த வயிறும், சுருங்கிய தசைகளும் குருதிக் குழாய்களை நெருக்குவதால் இதயம் எதிர்ப்பை மீறித் தள்ளவேண்டியிருக்கிறது. ஆகவே நுகரும் உயிர்வளிக்கு மிஞ்சித் துடிக்கிறது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓட்டக்காரர் பழகிய பொருளில் அது பேசவில்லை.

ஆய்வுகளின் முடிபும் இதற்கேற்பவே இருவகைப்படுகின்றது. டென்மார்க்கில் 2011-இல் வெளிவந்த ஆய்வில், பணியாளர் நாற்பதின்மருள் ஒருசாரார் எட்டு வாரம், வாரத்திற்கு மும்முறை இருபது நிமிடம் குண்டு பயின்றனர். கழுத்து, தோள், இடுப்பு நோவு குறைந்தது. முதுகின் வலிமை கூடிற்று. உயிர்வளி ஆற்றல் கூடவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தாட்டப் பெண்கள் பற்றிய 2015-ஆம் ஆண்டு ஆய்விலோ, குண்டை ஒரே இழுப்பில் தலைக்குமேல் உயர்த்துவதைப் பதினைந்து வினாடி செய்து பதினைந்து வினாடி ஓய்ந்து இருபது நிமிடம் பயின்றதில், நான்கு வாரத்தில் அவ்வாற்றல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு உயர்ந்தது. எவ்வாறு பயில்கிறார் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. பல்லாண்டு ஓடி உச்சத்தை எட்டியவர்க்கு அவ்வுச்சத்தைக் குண்டே காத்துத் தரும் என்று சொல்ல இவ்வாய்வுகள் இடந்தரவில்லை. வாரம் இருநாள் ஓட்டம் என்னும் ஹிக்ஸன் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது.

மாறிவருபவர் செய்யும் பிழைகளுள் தலையாயது, ஓட்டத்தின் ஒழுக்கத்தை இரும்பிடத்தும் காட்டுவதே. ஓட்டத்தில் களைப்பைப் பொறுத்தலே அறம். இரும்பில் களைத்தபின் செய்யும் ஒவ்வொரு வீச்சும் வடிவம் குலைந்த வீச்சு. இடுப்பு செய்யவேண்டிய வேலையை முதுகு செய்யத் தொடங்கும். ஆதலின் பத்து வீச்சு செய்து, மூச்சு அடங்கும்வரை நின்று, மீண்டும் பத்து வீச்சு செய்வதே தொடக்கத்தில் தக்கது. சும்மா நிற்பது ஓட்டக்காரர்க்கு எளிதன்று; கால் பரபரக்கும். ஆயினும் அவ்வோய்வும் பயிற்சியின் பகுதியே. விசையிழைகள் தம் எரிபொருளை மீட்டுக்கொள்வது அப்போதுதான்.

மற்றொரு பிழை, இடுப்பை மடக்குவதற்கு மாறாக முழங்காலை மடக்கிக் குந்தி எழுவது. சைக்கிள் ஓட்டியவரிடம் இது மிகுதி. முன்தொடையால் உந்திப் பழகிய உடல் அதனையே நாடுகிறது. வீசுமுன் சில வாரம் குண்டைத் தரையிலிருந்து நேராக எடுத்து வைத்துப் பழகுவது இதற்கு மாற்று. உள்ளங்கையும் சிலநாள் தொல்லை தரும். ஓட்டக்காரர்க்குக் காலில் இருந்த காய்ப்பு இனிக் கைக்கு ஏறும்.

எடை எவ்வளவு? ஆடவர் 16 கிலோவிலும் மகளிர் 8 அல்லது 12 கிலோவிலும் தொடங்குவது பரவலான வழக்கம். ருஷ்ய மரபில் அடுத்த படி 24. பதினாறிலிருந்து இருபத்துநான்கு என்பது ஒரே தாவலில் பாதி மடங்கு ஏற்றம். பளுத்தண்டில் இரண்டரைக் கிலோவாக ஏற்றலாம், இதில் இயலாது. இப்போது நான்கு கிலோ இடைவெளியிலும் குண்டுகள் கிடைப்பதால் இவ்விடர் குறைந்துள்ளது. எனினும் முழுவலிமையை நாடுபவர்க்குப் பளுத்தண்டே சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. குண்டின் சிறப்பு வேறு: சிறிய இடம் போதும், ஒரு கருவி போதும், அடுக்குமாடி வீட்டுக் கூடத்திலும் பயிலலாம், கீழ்வீட்டார் தலையில் போடாதவரை.

தசை சில வாரத்தில் தேறினும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் மெல்லவே தேறும். நெட்டோட்டக்காரரின் இதயம் இன்னும் செய்யலாம் என்று தூண்டும். முழங்கையும் தோளும் வேண்டா என்னும். உயர்ந்த குருதியழுத்தமுடையவர் மூச்சை அடக்கித் தூக்குதல் கேடு. அவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். உணவிலும் மாற்றம் தேவை. சோற்றை நம்பி ஓடியவர், பருப்பும் மீனும் முட்டையும் பாலும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஹாக்கென்ஷ்மித்தின் ஆறு லிட்டரை எட்ட வேண்டியதில்லை. எடைப்பொறியில் இரண்டொரு கிலோ ஏறக்கூடும். எடை குறைந்தால் விரைவு கூடும் என்றே எண்ணிப் பழகியவர்க்கு அது மனத்துயர் தரும். ஏறியது தசையாயின் வருந்தத்தக்கது யாதுமில்லை.

மேலை நாடுகளில் இக்குண்டு பரவியது அண்மையில்தான். மின்ஸ்க் நகரிற் பிறந்த பாவெல் த்சத்சூலின் என்பார் 1998-இல் அமெரிக்க இதழொன்றில் இதுபற்றி எழுதினார். 2001-இல் அங்குப் பயிற்றுநர்க்கான வகுப்பும் தொடங்கிற்று. அவர் கற்பித்தது வலிமைக்குரிய முறை: குறைந்த எண்ணிக்கை, நிறைந்த விசை.

ருஷ்யரின் சொந்தப் போட்டி முறையோ வேறு வகையது. சோவியத் நாட்டில் 1948-இலேயே குண்டு தூக்குவோர்க்குப் போட்டி நடந்தது. 1985-இல் ஒரே சீரான விதிகள் வகுக்கப்பட்டு, லிபெத்ஸ்க் நகரில் முதல் அனைத்துச் சோவியத் வாகையர் போட்டி நடைபெற்றது. அப்போட்டியில் யார் மிகுந்த பளுவைத் தூக்குகிறார் என்று பார்ப்பதில்லை. எடை முன்னரே குறிக்கப்பட்டது. தலைசிறந்த ஆடவர்க்கு 32 கிலோ. பத்து நிமிடம் தரப்படும். குண்டைத் தரையில் வைத்தால் ஆட்டம் முடிந்தது. அப்பத்து நிமிடத்தில் எத்தனை முறை தலைக்குமேல் உயர்த்தி நிறுத்தினார் என்பதே கணக்கு. வீரர் இதயத்தைக் காக்க மூச்சை எண்ணி விடுவார்; குண்டை நெஞ்சில் சாய்த்து, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, நின்றபடியே ஒரு நொடி இளைப்பாறுவார்; முதல் நிமிடத்தில் விரைந்தவர் ஏழாம் நிமிடத்தில் கைவிடுவதைக் கண்டு, வேகத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்வார். ஒற்றைக்கையால் உயர்த்தும் பிரிவில் ஒரேயொரு முறைதான் கை மாற்றலாம். எந்த நிமிடத்தில் மாற்றுவது என்பதே பாதிப் போட்டி. நெட்டோட்டத்தை விட்டு இரும்பிடம் வந்தவர் இம்மேடையருகே நின்று பார்ப்பாராயின், தாம் விட்டுவந்த ஆட்டம் அங்கே வேறு உடையில் நடப்பதை அறிந்துகொள்வார்.